தங்கதுரை வாங்கி விற்ற பெட்டிகள்

தங்கதுரை அண்ணா நான்கு வருடத்தில் ஆறு பெட்டி வாங்கினார், அதில் நான்கை விற்றார். ஆறும் பேஸ் கிடாருக்கான பெட்டிகள். ஏன் வாங்குகிறார், ஏன் விற்கிறார் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை என்பது எனக்கு இரண்டாயிரத்து ஏழில்தான் தெரிந்தது. அதுவரை நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஆனாலும் கிண்டலை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

நான் சரிதா. பகலில் ஜூஜூவாடிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள்களில் மாதவன் மெலோடீஸ் ஆர்கெஸ்ட்ராவில் பாட்டுக்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று வளர்ந்ததால் மூன்றிலும் பாடுவேன். ஓசூரில் பாட்டுக்காரிக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. மாதவன் கீபோர்ட் வாசிப்பவர், குழுவை நடத்துகிறவரும் அவர்தான். ஹரீஷ்குமார் ட்ரம்ஸ். தங்கதுரை அண்ணா பேஸ்.

அண்ணாவுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். இருபத்தொரு வயதில் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து, வண்டிப் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். பத்து வருடம் அந்த அடியிலேயே நின்றார். பிறகு அதே ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். பிரஸ் இறங்குகிற சத்தத்தைக் கேட்டே தகட்டை அடிக்கிற அச்சு, அதாவது டை, தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவாராம். அதற்காகக் காதில் செருகக் கொடுத்த பஞ்சுக் கட்டையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வெறுங்காதோடு ஷாப்புக்குள் திரிவார். ஆடிட் வருகிற நாளில் மட்டும் காதுக்குள் போகும்.

கம்பெனியில் அவர் டோக்கன் நானூற்றுப் பதினேழு. எங்கள் மேடையில்தான் அவர் தங்கதுரை. அறிமுகப் பாட்டு முடிந்ததும் மாதவன் மைக்கில் "பேஸ் கிடார், தங்கதுரை!" என்று இழுத்துச் சொல்லும்போது அண்ணா தலையைக் குனிந்து நான்கு கம்பியையும் ஒரு தடவு தடவுவார். கூட்டம் கைதட்டும். ஒரு மாதத்து ஷிப்ட் அலுப்பு அந்த ஒரு நொடியில் போய்விடும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆகவே பெட்டி விவகாரம் அவருக்கு விளையாட்டு இல்லை. எங்களுக்குத்தான் விளையாட்டாக இருந்தது.

பெட்டி என்று நான் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறேன். கிடார்க் கம்பியிலிருந்து வருவது எறும்பு போல ஒரு சின்னச் சத்தம். அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்புவது ப்ரீஆம்ப். அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் விடுவது ஆம்ப். சிலதில் இரண்டும் ஒன்றாக இருக்கும். ட்ரெபிள் என்று ஒரு திருகு இருக்கும், அதைக் கூட்டினால் கம்பியின் கூர்மை கூடும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கம்பெனிப் பெயர்கள் என் வாயில் நுழையாது, அதனால் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

முதல் பெட்டி சாம்பல் நிறம். பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. ஐந்து வருடம் அதிலேதான் வாசித்தார், ஒரு குறையும் இல்லை. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் திடீரென்று, "சரிதா, இதுல சத்தம் மந்தமா இருக்கு. போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று நாங்களும் தலையாட்டினோம். அதற்குப் பதில் ஒரு பச்சைப் பெட்டி வந்தது. மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தார். பிறகு அதுவும் போர்வைக்குள் போய்விட்டது. பச்சையை விற்று நீலம், நீலத்தை விற்று இன்னொன்று. சாம்பலை மட்டும் யாரும் வாங்கவில்லை, அதனால் அது வீட்டில் தங்கிவிட்டது.

இதற்கு நடுவில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. அண்ணா ஷிப்ட் விட்டதும் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். உலகத்தில் உள்ள பேஸ்காரர்கள் எல்லாம் கூடி, எந்தப் பெட்டி ஒசத்தி என்று சண்டை போடுகிற இடம் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி பஞ்ச் பண்ணி ஃபைலில் கோர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் ரிகர்சலில் என்னிடம் விரித்துக் காட்டினார்.

"இங்க பாரு, இவன் இந்தப் பெட்டி தேன் மாதிரிங்கான். அடுத்த தாள்ல இன்னொருத்தன் அதே பெட்டியச் சேறுங்கான். ஒருத்தன் சத்தம் வார்மா இருக்குங்கான். எவனத்தான் நம்ப?"

"சத்தத்துல என்னா அண்ணா சூடு? வெந்நீரா அது?"

"அதான் எனக்கும் புரியல" என்றார். சிரிக்கவில்லை.

வெள்ளிப் பெட்டி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கன்னடத்தில் பேரம் பேச ஆள் வேண்டுமாம். பெங்களூர் கோரமங்களாவில் ஒரு ஃபிளாட். ஸ்ரீராம் என்ற சாஃப்ட்வேர்காரர், அமெரிக்கா போய் வந்தபோது வாங்கியது. கன்னடத்துக்கு அவசியமே வரவில்லை, ஆள் தமிழ்தான். பெட்டி எவர்சில்வர் டப்பா மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே இரண்டு வால்வு, பழைய ரேடியோவில் எரியுமே, அதே ஆரஞ்சு வெளிச்சம். அண்ணா தன் கிடாரைச் செருகி வாசித்தார். எனக்கு நெஞ்சில் கை வைத்து அமுக்கின மாதிரி சுகமாக இருந்தது. அண்ணா முகம் சுளித்தார். ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசிவரை திருப்பினார். அங்கே தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஸ்ரீராமின் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

"சார், அவ்ளோ ட்ரெபிள் வேணுமா? வால்வோட டோனே போயிடுது" என்றார் ஸ்ரீராம்.

"இப்பதான் சார் லேசா வெளிய வருது" என்றார் அண்ணா.

ஸ்ரீராம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெரிய வித்வான் விஷயம், நமக்கு என்ன தெரியும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாயை மூடத் தெரிந்த அபூர்வமான நாள்களில் அது ஒன்று. அன்றைக்குத்தான் திறந்திருக்க வேண்டும். தீபாவளி போனஸ் முழுவதும் அந்த ஃபிளாட்டிலேயே கைமாறிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டதற்கு மூன்று முறை "என்ன?" என்றார். பஸ் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி வந்த பிறகு மேடையில் எங்கள் நிலைமை மோசமானது. பெட்டியிலிருந்துதான் மைக் செட்காரர் வயர் எடுத்து மண்டபத்து ஸ்பீக்கருக்கு அனுப்புவார். அண்ணா ட்ரெபிளைக் கடைசிவரை திருப்பி வைத்தால், மண்டபம் முழுக்க அதுதான் போகும். ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவே மேடைக்கு வந்து, "யாரோ தகரத்துல கம்பிய வெச்சு கீறுறாங்க, அத மொதல்ல நிறுத்துங்க" என்றார். மைக் செட்காரர் அண்ணாவின் வயரில் வந்த சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். அதற்கப்புறம் பேஸே இல்லை. என் பாட்டுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது.

வேனில் மாதவன் வெடித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாலு வருசமா பொட்டி மாத்திட்டே இருக்கற. என்னாத்துக்கு இத்தினி பொட்டி? நான் மந்தமா இருக்குதுன்னு ஒரு நாளாவது சொன்னனா? எனக்கு உன் சத்தம் காதக் கிழிக்குது, உனக்கு மந்தமா இருக்குதா?"

"மந்தமாத்தாண்ணே இருக்கு" என்றார் அண்ணா மெதுவாக.

"தளி ரிசப்ஷன் வரைக்கும் பாப்பேன். அங்கயும் இதே தகரம்னா பெங்களூர்லேர்ந்து வேற ஆளக் கூட்டியாந்துடுவேன். சொல்லிட்டேன்."

தளி ரிசப்ஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணா அந்த இருட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் ஹரீஷ்குமாரையும் மூக்கண்டப்பள்ளியில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால், அவர் மனைவி பொற்கொடி அக்கா கதவைத் திறந்தார். முகம் உப்பியிருந்தது.

"வா சரிதா. உங்க அண்ணன் உள்ள பரீட்சைக்கு ரெடி பண்றாரு. காப்பி வேணுமான்னு நாலு தடவை கேட்டுட்டேன், பதிலே கிடையாது. செவிடன் காதுல ஊதுன சங்குதான் நம்ம பொழப்பு. அந்தப் பெட்டிகளக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் பேச்சு அவருக்கு ஆகல."

உள்ளே அறையின் குறுக்கே அக்காவின் புடவை ஒன்று திரையாகக் கட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பெட்டிகள்: பழைய சாம்பல், அப்புறம் வாங்கிய ஒரு கறுப்பு, வெள்ளி. இந்தப் பக்கம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று பேனா. கட்டம் போட்ட மூன்று தாள்.

"இது எங்க கம்பெனியில பண்றது" என்று அண்ணா விளக்கினார். "ஒரு கேஜ், அதான் அளக்கற கருவி, சரியா இருக்கான்னு பாக்கணும்னா, பத்து பீஸ எடுத்து, மூணு ஆள விட்டு, தனித்தனியா அளக்கச் சொல்லுவோம். ஒருத்தர் அளந்தது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. வரிசைய மாத்தி மறுபடி அளக்கச் சொல்லுவோம். ஆள் சரியா, கேஜ் சரியான்னு அதுல பிச்சு எடுத்துரலாம். இன்னைக்கு பெட்டிதான் கேஜ். எதுல கோளாறுன்னு தெரிஞ்சா மத்ததத் தூக்கிப் போட்டுட்டு தளிக்குப் போயிரலாம்."

கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கார்மென்ட்ஸில்கூட ஒரே சட்டையை இரண்டு செக்கரிடம் கொடுத்துப் பார்ப்போம்.

ஹரீஷ்குமார் திரைக்குப் பின்னால் போனான். அவன் கையில் ஒரு சீட்டு. மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று விதத் திருகல், கூடவே வெள்ளியில் ட்ரெபிளைக் கடைசிவரை திருப்பியது ஒன்று. ஆக மொத்தம் பத்துச் சத்தம். சீட்டில் உள்ள வரிசைப்படி திருகிவிட்டு, ஒரே கம்பியை ஒரே மாதிரி மூன்று தடவை சுண்டுவான். சத்தம் எவ்வளவு கூர்மை என்று நாங்கள் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் தலையணை, ஐந்து என்றால் தகரம். அண்ணா ஒரு ஆள், தாளில் ஆபரேட்டர் ஏ. நான் ஒரு ஆள். மூன்றாவது ஆள் பொற்கொடி அக்கா.

"எனக்கு என்னங்க தெரியும் இதுல?" என்றார் அக்கா.

"காது இருக்குல்ல, போதும்" என்றார் அண்ணா.

பத்தும் முடிந்து, வரிசையை மாற்றி மறுபடியும் பத்து. எட்டாவது சத்தத்தில் எனக்குப் பல் கூசியது, ஐந்து போட்டேன். வீட்டுக்கார நஞ்சம்மா மேலிருந்து, "ஏனப்பா இது, எங்க வூட்டு சொவரு ஒடையுது!" என்று கத்தினார். அண்ணா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, குழந்தை வாய்ப்பாடு யோசிக்கிற மாதிரி யோசித்து யோசித்து எழுதினார்.

பிறகு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக நிமிர்ந்தார்.

"பெட்டியில கோளாறு இல்ல. ஆளுலதான். நீயும் பொற்கொடியும் அவுட்."

"நாங்க ரெண்டு பேருமா?"

"ஆமா. கம்பெனியில சீனியர் இன்ஸ்பெக்டர் போட்ட அளவத்தான் மாஸ்டரா வெச்சுக்கிடுவோம். இங்க நான்தான் சீனியர். என் அளவோட ஒப்பிட்டா உங்க ரெண்டு பேரு மார்க்கும் எங்கயோ போகுது."

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. மேடையில் ஒரு அரைச் சுருதி பிசகினால் எனக்கு உடம்பு கூசும். என்னை அவுட் என்கிறாரே! நான் வாயைத் திறக்குமுன் அக்கா அந்தத் தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க, மூணாவதுக்கு நான் ரெண்டு போட்டிருக்கேன், சரிதாவும் ரெண்டு. எட்டாவதுக்கு நான் அஞ்சு, அவளும் அஞ்சு. ரெண்டு பேரும் தப்புன்னா, ரெண்டு பேரும் ஒண்ணு போலயா தப்புப் பண்ணுவோம்?"

அண்ணாவுக்குக் காதில் விழவில்லை. அக்கா இன்னும் சத்தமாக, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து மறுபடி கேட்டார்.

அண்ணா தாள்களைத் திருப்பி வாங்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் தாளில் ஒன்றும் இரண்டும் தவிர வேறு எண்ணே இல்லை. குழந்தை காதைப் பொத்திய அந்தத் திருகலுக்கு முதல் சுற்றில் ஒன்று, மறு சுற்றில் இரண்டு. எல்லாமே அவருக்குத் தலையணை.

"நீங்க ரெண்டு பேரும் பாத்து எழுதினீங்களா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அப்படி இருக்கட்டுமே என்கிற ஆசை இருந்தது.

அக்காவைச் சமையலறையில் உட்காரவைத்து, என்னை வாசற்படியில் உட்காரவைத்து, மூன்றாவது முறையும் செய்தோம். எங்கள் இருவர் மார்க்கும் ஒரே ஒரு இடத்தில்தான் மாறியது. அண்ணா மறுபடி கணக்குப் போட்டார். இந்த முறை மாஸ்டர் என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தாளின் கீழே, அவர்கள் கம்பெனியில் எழுதுவது போலவே எழுதினார்: 'ஆபரேட்டர் ஏ: இந்த வேலைக்கு லாயக்கில்லை.' எழுதிவிட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டார். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், தன் காதுக்குத் தானே ரிஜெக்ட் போட்டதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஹரீஷ்குமார் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

"ஆனா கம்பெனியில வருசா வருசம் காது டெஸ்ட் எடுப்பாங்களே?" என்று கேட்டேன்.

அண்ணா தலையைச் சொறிந்தார். "அது வேன்ல எடுப்பாங்க. கண்ணாடிக் கூண்டு. சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். சத்தம் குடுக்கும்போது அந்த டெக்னீசியனோட முழங்கை லேசா அசையும். அதப் பாத்து அமுக்கிருவோம். ஃபெயிலானா பிரஸ் ஷாப்ப விட்டு மாத்திருவாங்க, அலவன்ஸ் போயிரும்னு பயம். ஷிப்டுல அம்புட்டுப் பேரும் அப்படித்தான் பாஸ் பண்ணோம்."

ஒரு பெட்டியை எடைபோட இவ்வளவு நியாயமாகத் திரை கட்டிய மனிதர், தன் காதை எடைபோடும்போது முழங்கையைப் பார்த்திருக்கிறார். திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே ஓசூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். நானும் போனேன், அக்கா கூப்பிட்டார். கூண்டுக்குள் அண்ணா தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். டெஸ்ட் தாளில் வந்த கோடு முதலில் தட்டையாகப் போய், பாதிக்கு மேல் தொப்பூர் மலை இறக்கம் மாதிரி விழுந்தது. கனமான சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மேலே உள்ள கூர்மையான சத்தம் போய்விட்டது, பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அண்ணா, "அப்போ பேஸ் வாசிக்கலாமா?" என்று கேட்டார். "பிரஸ் ஷாப்ல காது மூடாம நின்னதவிட அது ஒண்ணும் மோசமில்ல" என்றார் டாக்டர்.

அக்கா கேட்டது வேறு. "டாக்டர், நான் பேசறது இவருக்கு எப்படிக் கேக்கும்?"

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க பேசறீங்கன்னு தெரியும்மா. என்ன பேசறீங்கன்னுதான் தெரியாது. எழுத்தெல்லாம் ஓரம் மழுங்கிப் போயிருக்கும். முகத்தப் பாத்து, நிறுத்தி நிதானமாப் பேசினா புரியும்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான்கு வருடமாக, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று சண்டை போட்டிருக்கிறார். மூன்று மாதம் சாத்தூரில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். அண்ணாவோ, அக்கா தன்னோடு மனம் விட்டுப் பேசுவதில்லை, வாய்க்குள்ளேயே முனகுகிறாள், கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, நாமாக எதற்கு வாயைக் கொடுப்பது என்று கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படி ஒருவரை ஒருவர் குழப்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பெட்டிகள் நடுவில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

தளிக்கு இன்னும் பத்து நாள். விலகிவிடுகிறேன் என்று அண்ணா சொன்னார். நான் விடவில்லை. "விரலுக்கு என்னா கேடு வந்துச்சு? திருகறது யார் திருகினா என்னா?" என்று கத்தினேன். கத்துவது அவருக்கு நன்றாகக் கேட்டது. அந்த ஞாயிறு மறுபடியும் அவர் வீட்டில் உட்கார்ந்து, நானும் அக்காவுமாக ஒவ்வொரு பெட்டியையும் திருகித் திருகிப் பார்த்தோம். வெள்ளி நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வால்வு சூடாகும்வரை ஒரு சத்தம், சூடானபின் ஒரு சத்தம். மேடையில் அதை யார் கவனித்துக்கொண்டிருப்பது? கறுப்பு எனக்குப் பிடித்தது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் ஒத்துப்போனது யாரும் வாங்காமல் கிடந்த சாம்பலில்தான். ட்ரெபிள் பாதிக்கும் கீழே. அக்கா குங்குமத்தைத் தொட்டுத் திருகுக்கு நேராகப் பெட்டியில் ஒரு பொட்டு வைத்தார்.

அண்ணா அதில் வாசித்துப் பார்த்தார். "ரெண்டு போர்வ போர்த்துன மாதிரி இருக்கு. நெசமா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றோம்.

"என்னக் கேலி பண்ணலயே?"

தளி ரிசப்ஷன் அன்று சாயங்காலம் குளிர் ஆரம்பித்திருந்தது. ஜவளகிரிப் பக்கமிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது, கூட்டத்தில் பாதிக்கு மேல் கன்னடம். பொற்கொடி அக்கா முதல்முறையாக எங்கள் வேனில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாதவனிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் பெட்டியைப் பார்த்துவிட்டு அவர், "இதயா தூக்கியாந்த?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் பாட்டு கன்னடம். பல்லவி முடிந்து பேஸ் உள்ளே வந்தபோது, வெகு நாள் கழித்து என் காலுக்குக் கீழே தரை வந்தது. அதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டை மறந்து திரும்பிப் பார்த்தேன். அண்ணா முகம் வெளிறிப்போய் இருந்தது. அவருக்குத் தன் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. விரல் மட்டும் போகிறது. மூன்றாவது பாட்டில் அவர் கை பழக்கத்தில் ட்ரெபிள் திருகுக்குப் போனது. கீழே அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கை அங்கேயே நின்றது. அந்த நான்கைந்து நொடி அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துக் கம்பிமேல் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை, அக்காவைப் பார்த்தே வாசித்தார்.

முடிந்து வயர் சுருட்டும்போது மாதவன் வந்து அவர் தோளில் தட்டினார். "இதான்டா பேஸ்! இத்தினி நாளு இத எங்க வெச்சிருந்த?"

அண்ணா அவரை உட்காரச் சொன்னார். டாக்டர் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "எனக்கு மேல் சத்தம் கேக்கலண்ணே. இன்னைக்கு இவங்க ரெண்டு பேரும் வெச்ச சத்தம். எனக்கு எப்படி இருந்துச்சுன்னே தெரியாது. நீங்க வேற ஆள் பாக்கணும்னா பாத்துக்கிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மாதவன் தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேனில் சொன்ன பழமொழி ஞாபகம் வந்ததோ என்னவோ, தாளை மடித்து அண்ணாவின் பையிலேயே திரும்ப வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரி. நாலு மணிக்கு வண்டி எடுக்கறோம்" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீங்களும் வந்துடுங்கக்கா. மைக் செட்காரன் பக்கத்துல ஒரு சேர் போடச் சொல்றேன்" என்றார்.

வேன் தளியை விட்டு இறங்கியது. நானும் அண்ணாவும் பக்கத்துப் பக்கத்து சீட், ஜன்னலோரம் அக்கா. கொஞ்ச தூரம் போயிருப்போம். அண்ணா என் பக்கம் சாய்ந்து, "சரிதா, நான் இன்னைக்கு நல்லா வாசிச்சேனா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருடமாக இந்தப் பெட்டி எப்படி, அந்தப் பெட்டி எப்படி என்று என்னைக் குடைந்திருக்கிறார். தான் எப்படி வாசித்தோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "நல்லா வாசிச்சீங்கண்ணா" என்றேன். வேன் இரைச்சலில் அவருக்கு அது கேட்கவில்லை. "என்ன?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

பொற்கொடி அக்கா அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்க, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"நல்லா வாசிச்சீங்க."